அம்மிக்கல் கொத்த ஒரு லைசென்ஸ்

தொரப்பள்ளி,
ஓசூர் தாலுகா, சேலம் ஜில்லா.
12-3-52

கடல் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கும் தம்பி கோவிந்தப்பனுக்கு அக்கா நஞ்சம்மா எழுதுவது. இங்கே நான், உன் மாமா, குழந்தை முனிலட்சுமி மூவரும் சுகம். மாடு இரண்டும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்தக் குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொள்கிறாயா, இல்லை துரைமார் மாதிரி காதைக் காட்டிக்கொண்டு திரிகிறாயா?

இங்கே மழை இல்லை. போன வருஷமும் இல்லை, அதற்கு முந்தின வருஷமும் இல்லை. மேட்டுக்காட்டுக் கிணறு அடிமண்ணைக் காட்டிவிட்டது. ஆழப்படுத்தலாம் என்று உன் மாமா இறங்கினார். மண் முடிந்து பாறை வந்துவிட்டது. நம் ஊர்ப் பாறையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியில் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கும் காண்டிராக்டர் தஸ்தகீர் பாய், பாவம், நமக்காகத் தன் காற்று மிஷினையே கொண்டுவந்து டிரில் போட்டுப் பார்த்தார். வெடி வைக்கத் துளை வேண்டுமே. இரும்பு முனை ஒரு சாண் இறங்குவதற்குள் மழுங்கிப் போகிறது. "அம்மா, இந்தக் கல்லு நம்ம முனைக்கு மசியாது. சீமையில ஒரு முனை செய்யறாங்க, நுனியில வேற உலோகம் வெச்சு. உங்க தம்பி இருக்கற ஊர்லதான் செய்யறாங்கன்னு கேள்வி" என்றார்.

தண்ணீர் வராவிட்டால் மைசூர் சீமைத் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறார் உன் மாமா. நம் அப்பா அங்கே போய் என்ன கொண்டுவந்தார்? மார் நிறையக் கல்தூசியைத்தான் கொண்டுவந்தார். நீ அப்போது சின்னவன், ஆடு மேய்க்கப் போய்விடுவாய். அவர் இருமி இருமி அடங்கியபோது பக்கத்தில் இருந்தவள் நான். அதனால் "என் தாலி மேல ஆணை, அங்க போகக்கூடாது" என்று இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆணை எத்தனை நாளைக்குச் சோறு போடும்? அந்த முனையில் நாலைந்து வாங்கிப் பார்சலில் போட்டு அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. மெலிந்து வந்தால் வாசலில் விடமாட்டேன்.

உன் அக்கா
நஞ்சம்மா

மச்சானுக்கு. உங்கக்கா பாதிதான் எழுதியிருக்கா. மீதியை எங்கிட்ட பேசித் தீத்துட்டா. நான் சௌக்கியம். கங்கப்பன்.


ஷெபீல்டு,
4-4-52

என் அக்காவின் காலைத் தொட்டுக் கோவிந்தப்பன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். தலைக்குத் துணி இல்லை, தொப்பி இருக்கிறது. காதையும் மூடிக்கொள்கிறேன், போதுமா? இங்கே தினமும் மழை. ஜன்னலில் நின்று பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

தஸ்தகீர் பாய் சொன்னது நிஜம். அந்த முனையை நான் பயிற்சி பெறும் தொழிற்சாலையிலேயே செய்கிறார்கள். நுனியில் வைக்கும் உலோகம் சுண்டைக்காய் அளவுதான், ஆனால் கருங்கல்லைக் களி மாதிரி கிண்டிவிடும். வாங்குவதில் சிரமம் இல்லை, அனுப்புவதில்தான் சிரமம். அதே உலோகத்தில் பீரங்கிக் குண்டின் மூக்கையும் செய்கிறார்களாம். கொரியாவில் சண்டை நடக்கிற காலம். அதனால் அது இந்த நாட்டை விட்டு வெளியே போக லண்டனில் ஏற்றுமதி லைசென்ஸ் வாங்க வேண்டும். யாருக்குப் போகிறது, எந்த வேலைக்குப் போகிறது, அங்கிருந்து எதிரி நாட்டுக்குக் கைமாறிவிடுமா என்று எல்லாம் கேட்பார்கள். பெண் கொடுக்கிற வீட்டில்கூட இத்தனை விசாரணை இருக்காது.

நம் பக்கத்தில் இரண்டு காரியம் ஆக வேண்டும். மெட்ராஸில் இறக்குமதி லைசென்ஸ் வாங்க வேண்டும். அதோடு, முனையை இன்னார் இன்ன வேலைக்கு வைத்துக்கொள்வார், வேறு நாட்டுக்கு விற்கமாட்டார் என்று தாசில்தார் கையெழுத்தோடு ஓர் உறுதிமொழி வேண்டும். இங்கே நான் கொடுக்கும் விண்ணப்பமும் அங்கிருந்து வரும் காகிதமும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

மாமாவிடம் சொல். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். சுரங்கப் பேச்சே வேண்டாம்.

அன்புத் தம்பி
கோவிந்தப்பன்


தொரப்பள்ளி,
20-5-52

தொப்பிக்காரத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். முனிலட்சுமிக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, தழும்பு ஒன்றும் இல்லை. உன் சுகத்துக்கு எழுது.

நீ சொன்ன காகிதம் ஆகிவிட்டது. ஓசூர் தாலுகா ஆபீசில் நாலு தடவை போய் உட்கார்ந்தேன். வேறு நாட்டுக்கு விற்கமாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். குந்தாரப்பள்ளிச் சந்தைக்கே நான் தனியாகப் போனதில்லை, எந்த நாட்டில் போய்க் கடை விரிக்கப் போகிறேன்? இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன். எந்த வேலைக்கு என்று கேட்ட இடத்தில் உன் மாமாவையும் விடவில்லை, குமாஸ்தாவையும் விடவில்லை, என் கையாலேயே எழுதினேன். அப்பா என்னை எட்டாவது வரை படிக்க வைத்தது வீண்போகவில்லை. தாசில்தார் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மூடிய கவரைத் தஸ்தகீர் பாய் மெட்ராஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, இறக்குமதி லைசென்ஸுக்கும் எழுதிப் போட்டுவிட்டு வந்தார். அங்கே இங்கிலீஷில் மாற்றி அனுப்புவார்களாம்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுப் பறித்துத்தான் குடம் நிரப்புகிறோம். உன் மாமா தினமும் ஒரு தடவை தபால்காரரைப் பார்க்கிறார், ஒரு தடவை வடகிழக்கே பார்க்கிறார். சுரங்கம் இருக்கிற திசை அது. சீக்கிரம் பார்.

நஞ்சம்மா

மச்சானுக்கு. பாய் மிஷினை நம்ம காட்டுலயே விட்டுட்டுப் போயிருக்காரு. பக்கத்துக் காட்டு கெம்பம்மா வீட்டுக் கோழி அதுக்கடியில அடை காக்குது. முனை வர்றதுக்குள்ள குஞ்சு வந்துரும் போல. கங்கப்பன்.


ஷெபீல்டு,
18-8-52

அக்காவுக்குக் கும்பிட்டு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. லைசென்ஸ் கிடைக்கவில்லை.

என்னை லண்டனுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி வயதானவர், நல்ல மனிதர். தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, இரண்டு காகிதங்களை என் பக்கம் திருப்பி வைத்தார். என் விண்ணப்பத்தில் விவசாயக் கிணறு என்று இருக்கிறது. மெட்ராஸிலிருந்து வந்ததில், வீட்டு உபயோகத்துக்கு அம்மிக்கல், ஆட்டுக்கல் கொத்த என்று இருக்கிறது.

"அம்மி என்றால் என்ன?" என்று கேட்டார். வாயால் சொல்லத் தெரியாமல் அவர் மேஜைமேல் இரண்டு கையையும் வைத்து அரைத்துக் காட்டினேன்.

"மிளகாய் அரைக்கும் கல்லுக்குப் பீரங்கிக் குண்டின் உலோகமா?"

மேஜைமேலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"இரண்டில் எது பொய்?"

"என் அக்கா பொய் சொல்ல மாட்டாள்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியானால் நீங்கள் எழுதியது பொய்யா?" என்றார்.

பேச்சு இரண்டாக இருந்தால், சரக்கு வேறு எங்கேயோ போகிறது என்றுதான் அவர்கள் நினைக்க வேண்டும். அவர் மேல் தப்பு இல்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். தாசில்தார் காகிதத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இன்னும் ஆறு மாசமாவது ஆகும்.

ரயிலில் திரும்பி வரும்போது ஒரு நேரம் சிரிப்பு வந்தது, ஒரு நேரம் கோபம் வந்தது. அக்கா, ஏன் அப்படி எழுதினாய்?

கோவிந்தப்பன்


தொரப்பள்ளி,
15-9-52

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

ஏன் என்று கேட்கிறாயே, நீ நம் வீட்டில்தானே பிறந்தாய்? கிணற்றில் கை வைக்கும்போது தண்ணீருக்கு என்று வெளியே சொல்லலாமா? சொன்னால் ஊற்று ஒதுங்கிப் போய்விடும். எருக்குழி வெட்டுகிறேன் என்று ஊருக்குச் சொல்லித்தான் தாத்தா அந்தக் கிணற்றையே வெட்டினார். அதிலும் இப்போது அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிறது. எத்தனை கண் நம் மேல் இருக்கும்? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. வாயால் சொல்லவே கூடாத ஒன்றை முத்திரை குத்தி, மெட்ராஸிலும் லண்டனிலும் படிக்கக் கொடுப்பேனா? நீயும் நம் வழக்கப்படி வேறு ஏதாவது எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். அம்மிக்கல் என்றால் யாரும் கண் வைக்கமாட்டார்கள்.

தஸ்தகீர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த எடத்துல என்ன எழுதணும்னு நான் சொல்லியிருப்பேனேம்மா" என்றார். என்னால்தான் இத்தனை மாசம் போயிற்று. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை கிணற்று மேட்டில் கங்கம்மாவுக்குப் பூஜை போட்டுப் பூக் கேட்டேன். எழுதலாமா அம்மா என்று கேட்டதற்கு வலது பக்கப் பூ விழுந்தது. உத்தரவாகிவிட்டது. மறுபடியும் தாலுகா ஆபீசுக்குப் போய், கிணறு, தண்ணீர், விவசாயம் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பாய் மறுபடியும் மெட்ராஸுக்குப் போயிருக்கிறார்.

நீ வருத்தப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

நஞ்சம்மா


ஷெபீல்டு,
25-10-52

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். தீபாவளிக்கு இங்கே ஒன்றுமில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து வெந்நீரில் குளித்தேன், உன்னை நினைத்துக்கொண்டேன்.

நீ எழுதியதைப் படித்தபின் என் கோபமெல்லாம் போய்விட்டது. தப்பு எனக்கும்தான். எருக்குழிக் கதை எனக்குத் தெரியும், இந்த ஊருக்கு வந்து மறந்து போனேன். புதுக் காகிதம் மெட்ராஸிலிருந்து வந்துவிட்டது. அதை நானே லண்டனுக்குக் கொண்டுபோய் அந்தப் பெரியவர் கையில் கொடுத்தேன். ஊற்று ஒதுங்கும் கதையையும் சொன்னேன். ரொம்ப நேரம் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். ஸ்காட்லாந்தில் தன் பாட்டனார் மீன் பிடிக்கப் போகும்போது, மீனுக்குப் போகிறேன் என்று சொல்லமாட்டாராம்.

இன்னொன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தின் அடியில் மாமாவின் வரி இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், கவருக்குள்ளும் பார்த்தேன். மாமா எங்கே? சௌக்கியம்தானே? அவர் கையால் ஒரு வரி எழுதச் சொல்.

கோவிந்தப்பன்


தொரப்பள்ளி,
6-1-53

தம்பிக்கு ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒன்றுமில்லை, வேலைதான். எல்லோரும் சுகம்.

முனிலட்சுமிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் காற்றுதான் வருகிறது. கெம்பம்மா வீட்டில் பசு கன்று போட்டிருக்கிறது. இந்த வருஷம் விதைக்கவில்லை. அதற்காக நீ கவலைப்படாதே, வீட்டுக்கு ராகி மாசாமாசம் தட்டில்லாமல் வந்துவிடுகிறது.

மாமா குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயிருக்கிறார், மாடு பார்க்க. வந்ததும் எழுதச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு அவரைக்காய்க் குழம்பு வைக்கும்போது உன் பங்கை எடுத்து வைப்பேன்.

நஞ்சம்மா


மைசூர் சீமை,
சுரங்க லைன் வீடு.
20-1-53

மச்சானுக்கு கங்கப்பன் எழுதறது. நான் சௌக்கியம். நீ சௌக்கியமா.

நான் சந்தைக்குப் போயிருக்கறதா உங்கக்கா எழுதியிருப்பா. அப்படித்தான் எழுதப் போறேன்னு எனக்கும் சொல்லி அனுப்பினா. எந்த ஊர்லப்பா அஞ்சு மாசம் சந்தை நடக்குது?

லைசென்ஸ் வரலைன்னு நீ எழுதின கடுதாசி வந்துச்சு பாரு, அந்த வாரமே கெளம்பி வந்துட்டேன். வீட்டுல ராகி இல்ல. மாட்டை வித்தாச்சு. நானா ஆணையை மீறல. அவளே வந்து எதிர்ல நின்னு, போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டா. சொல்லிட்டு ரெண்டு நாள் எங்கூட பேசல. எங்க அப்பனை விழுங்கின எடத்துக்கு இவரையும் நானே அனுப்பிட்டேன்னு பாய்கிட்ட சொல்லி அழுதாளாம். அதை உனக்கு எழுத அவளுக்குக் கை வரல. நீ அங்க தனியா ஒக்காந்து துடிப்பேன்னு அவளுக்கு பயம். அதனால கோவிச்சுக்காதே.

எனக்கு இங்க டிரில் பிடிக்கற வேலை. நீ அனுப்பப் பாக்கற அதே முனை இங்க இருக்குது. பாறையில ஜோரா எறங்குது. இதுல ராடு நடுவுல தண்ணி போகுது. தண்ணி போனா தூசி கெளம்பாது, சேறாத்தான் வழியும். மாமனார் காலத்துல இது இல்லையாம். ஒரு நிமிஷம் தண்ணி நின்னாலும் நான் மிஷினை நிறுத்திடுவேன்.

இருமல் இல்ல. இருந்தா உனக்கு எழுதுவேன், அவளுக்கு எழுத மாட்டேன். நான் எழுதினதை அவகிட்ட சொல்லாதே. லைசென்ஸ் வந்ததும் ஒரு கார்டு போடு. கணக்கை முடிச்சுக்கிட்டு கெளம்பிடறேன்.

கங்கப்பன்


ஷெபீல்டு,
24-2-53

என் அக்காவுக்குக் கோவிந்தப்பன் வணக்கத்தோடு எழுதுவது. உட்கார்ந்து படி. லைசென்ஸ் வந்துவிட்டது. முனைகள் கப்பலேறிவிட்டன. மெட்ராஸில் தஸ்தகீர் பாய் பெயருக்கு வரும். பெரியவர் கையைக் குலுக்கி, "உங்கள் அக்காவுக்குத் தண்ணீர் வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்" என்றார்.

இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படி. உலர்ந்த பாறையில் டிரில் போட்டால் மாவு மாதிரி தூசி கிளம்பும். அப்பாவைக் கொன்றது அந்தத் தூசிதான். பாயின் மிஷினில் ராடு வழியாகத் தண்ணீர் போகாது. அதனால் டிரில் ஓடுகிற நேரமெல்லாம் யாராவது பக்கத்தில் நின்று துளைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மிஷின் பிடிப்பவர் மூக்கில் ஈரத்துணி கட்ட வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது கல்லுக்கு எங்கே போவது என்று கேட்பாய். எங்கிருந்தாவது கொண்டுவா. தண்ணீர் இல்லாத நாளில் டிரில் வேண்டாம். எத்தனை மாசமானாலும் பரவாயில்லை.

மாமா சந்தையிலிருந்து வந்ததும் இதைப் படித்துக் காட்டு. அந்தச் சந்தையில் அவரே இதையெல்லாம் கற்றுக்கொண்டிருந்தாலும் இருப்பார். சந்தைக்கும் ஒரு கார்டு போட்டிருக்கிறேன்.

நீ நிம்மதியாகச் சாப்பிடு, அக்கா. எனக்கு உன்மேல் ஒரு வருத்தமும் இல்லை.

கோவிந்தப்பன்


தொரப்பள்ளி,
2-6-53

என் தங்கத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

சந்தைக்கும் கார்டு போட்டிருக்கிறேன் என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன், அழுதேன், சோறு அடிப்பிடித்துவிட்டது. நாலாம் நாள் மூட்டையோடு உன் மாமா வந்து நின்றார். "சந்தையில மாடு ஒண்ணும் தேறலை" என்றார். முகத்தைப் பார், அப்போதும் கேலி.

முனைகள் சித்திரையில் வந்தன. கெம்பம்மா வீட்டுக் கோழியை விரட்டிவிட்டு மிஷினைத் துடைத்தோம். இவர் டிரில் பிடித்தார், நான் கிணற்றுக்குள் இறங்கிப் பக்கத்தில் நின்று ஊற்றினேன். விடியும் முன்பே ஆற்றுக்குப் போய் ஊற்றுப் பறித்து, குடம் குடமாகச் சுமந்து வந்தேன். பாதி நாள் முனிலட்சுமிக்குக் குளியல் இல்லை, எனக்கும் இல்லை. கெம்பம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனம்மா நஞ்சம்மா, குடிக்கற நீரைக் கொண்டுபோய்க் கல்லுக்கா ஊத்தறே? தலெ கெட்டுப் போச்சா?" என்றாள். ஊரே வந்து பார்த்தது. எத்தனை கண் வேண்டுமானாலும் படட்டும் என்று ஊற்றினேன். இவரே இரண்டு தடவை மிஷினை நிறுத்திவிட்டு, "போதும் புள்ள, குடிக்க வெச்சுக்கோ" என்றார். "நீங்க பிடிங்க, நான் ஊத்தறேன்" என்றேன். துளை போடுவதும், வெடி வைப்பதும், கல்லை அள்ளுவதுமாக வைகாசி பாதி போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை இவர் டிரில்லைத் துளையிலிருந்து உருவினார். நான் குடத்தை இடுப்பிலிருந்து இன்னும் இறக்கவில்லை. துளைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் ஊற்றிய தண்ணீராக இருக்கும் என்று நினைத்து, வாயில் வைத்துப் பார்த்தேன். ஆற்றுத் தண்ணீர் ருசி இல்லை. மறுநாள் முழங்கால் வரைக்கும், இன்றைக்கு மார்புக்கு மேலும் நிற்கிறது. கெம்பம்மாவும் நம் கிணற்றில்தான் எடுக்கிறாள். அவள் காட்டிலும் துளை போட முனையைக் கேட்டிருக்கிறாள், பாயிடம் கேட்டுக் கொடுப்போம். இந்த நாட்டை விட்டுப் போகாது என்று உன் பெரியவரிடம் சொல்.

இப்போது மத்தியானம். இவர் களி சாப்பிட்டுவிட்டுப் புளியமரத்தடியில் குப்புறப் படுத்துத் தூங்குகிறார். அப்பா முதுகில் காதை வைத்தால் உள்ளே சருகை மிதிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். உனக்கு அது தெரியாது, உன்னிடம் நான் சொன்னதே இல்லை. சற்று முன்னால் போய் இவர் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சு வருகிறது, போகிறது, வேறு ஒரு சத்தமும் இல்லை. ரொம்ப நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். முழித்துக்கொண்டு, "என்ன புள்ள?" என்றார்.

"எறும்பு ஊறுச்சு, தட்டிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

உன் அக்கா
நஞ்சம்மா